மருத்துவக் கேள்வி பதில்: நுரையீரல் புற்றுநோய்க்கு மரபணுப் பரிசோதனை எதற்கு?

கேள்வி: என் தாயாருக்கு வயது 58. புகைப்பழக்கம் அறவே இல்லாதவர். பல மாத இருமலுக்குப் பிறகு தஞ்சாவூரில் சி.டி. ஸ்கேன் எடுத்து, ஊசி வழியாக நுரையீரல் திசுவைச் சோதித்ததில் ‘அடினோகார்சினோமா’ (சுரப்பி வகைப் புற்றுநோய்) என்று அறிக்கை வந்தது. இப்போது அதே திசுவைச் சென்னைக்கு அனுப்பி மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்கிறார்கள். புற்றுநோய் என்று உறுதியான பிறகும் இது எதற்கு? காத்திருந்தால் நோய் முற்றிவிடாதா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனாலும் இந்தப் பரிசோதனையைக் கைவிட்டுவிடாதீர்கள்.

முதல் அறிக்கை, செல்களின் தோற்றத்தைப் பார்த்து எழுதப்பட்டது. திசுவை மெழுகுக் கட்டியில் பதித்து, மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் பேத்தாலஜிஸ்ட், செல்கள் சுரப்பியைப் போல அமைந்துள்ளனவா, சளி சுரக்கின்றனவா என்று கவனித்து வகையைச் சொல்கிறார். ஐயம் எழுந்தால் டி.டி.எஃப்.-1, பி-40 போன்ற புரதங்களுக்கான சாயங்களையும் பயன்படுத்துகிறார். ஆனால் அந்தச் செல்களைப் பெருகத் தூண்டும் மரபணு மாற்றம் எது என்பதைத் தோற்றம் மட்டும் உறுதியாகச் சொல்லிவிடாது. பயிர் மஞ்சளித்திருப்பது வரப்பில் நின்றாலே தெரியும். குறை தழைச்சத்திலா துத்தநாகத்திலா என்பதற்கு மண்ணைச் சோதிக்க வேண்டியிருக்கிறது அல்லவா?

செல் வளர்ச்சியைத் தூண்டும் இ.ஜி.எஃப்.ஆர். மரபணுவின் சில மாற்றங்கள் உள்ளவர்களுக்குக் குறிப்பிட்ட மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன என்பது 2004-இல் தெரியவந்தது. ஏ.எல்.கே. என்ற மரபணு இன்னொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்ளும் ‘மரபணு இணைவு’ 2007-இல் கண்டறியப்பட்டது. அதற்கும் இன்று மாத்திரைகள் உண்டு. இந்தியாவில் அடினோகார்சினோமா நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் காணப்படுகிறது, புகைக்காத பெண்களிடம் அதற்கான வாய்ப்பு இன்னும் கூடுதல். முடிவு வருமுன் அவசரப்பட்டு நோயெதிர்ப்புச் சிகிச்சையை (இம்யூனோதெரபி) தொடங்கிவிட்டு, பிறகு இ.ஜி.எஃப்.ஆர். மாற்றத்துக்கான ஆசிமெர்டினிப் போன்ற மாத்திரைக்கு மாறினால் நுரையீரலில் கடுமையான அழற்சி ஏற்படக்கூடும். எனவேதான் மருத்துவர்கள் காத்திருக்கச் சொல்கிறார்கள். மூச்சுத்திணறல் அதிகமாக இருந்தால், இடைப்பட்ட காலத்தில் கீமோதெரபியை மட்டும் தொடங்கலாமா என்று கேளுங்கள்.

இதில் பலரும் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. ஊசியில் வருவது நூலிழை போன்ற திசு. அதிலும் பெரும்பகுதி தழும்பும் அழற்சிச் செல்களுமாக இருக்கலாம். ஆகவே மரபணுப் பரிசோதனைக்கு முன் பேத்தாலஜிஸ்ட் மறுபடியும் ஸ்லைடைப் பார்த்து, புற்றுச்செல்கள் செறிந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, அவை எத்தனை சதவீதம் என்று குறிக்கிறார்; அந்த இடத்திலிருந்து மட்டும் சுரண்டி டி.என்.ஏ. எடுக்கிறார்கள். புற்றுச்செல்கள் மிகக் குறைவாக இருந்த திசுவில் ‘மாற்றம் இல்லை’ என்று முடிவு வந்தால், அதை இறுதியானதாகக் கொள்ள முடியாது. அறிக்கையில் அந்தச் சதவீதம் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று அவசியம் பாருங்கள்.

பெரும்பாலும் புதிதாக ஊசி குத்த வேண்டியிருக்காது. திசு எடுத்த இடத்தில் மெழுகுக் கட்டியையும் ஸ்லைடுகளையும் அறிக்கை நகலோடு கேட்டு வாங்குங்கள். நம் பக்கத்தில் உறவினர்களே பேருந்திலோ ரயிலிலோ கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். அப்படியானால் வெயில் படாமல் எடுத்துச் செல்லுங்கள், மெழுகு உருகினால் திசு பாழாகும்.

கேள்வி: என் கணவர் இ.ஜி.எஃப்.ஆர். மாற்றத்துக்கான மாத்திரையில் ஒன்றரை ஆண்டு நலமாக இருந்தார். இப்போது கட்டி மீண்டும் வளர்கிறது. ரத்தத்திலேயே மரபணுவைப் பார்க்கலாம் என்கிறபோது மறுபடியும் திசு ஏன் கேட்கிறார்கள்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மாத்திரைக்குக் கட்டுப்படாத புதிய மரபணு மாற்றங்கள் பலவற்றை ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். ஆனால் சிலருக்கு அடினோகார்சினோமாவே சிறுசெல் புற்றுநோய் என்ற, வேகமாக வளரும் வேறு வகையாக உருமாறிவிடுகிறது. பழைய இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் அப்படியே இருப்பதால், ரத்த அறிக்கையை மட்டும் படிப்பவருக்கு அது பிடிபடாமல் போகலாம். நுண்ணோக்கியில் செல்லின் உருவத்தைப் பார்த்தால்தான் உறுதியாகும். அதற்கான கீமோதெரபியே வேறு. கட்டி எட்டக்கூடிய இடத்தில் இருந்து, அவர் உடல் தாங்கும் என்று மருத்துவர் கருதினால், திசு எடுக்கச் சம்மதியுங்கள். முடியாதபோது ரத்தப் பரிசோதனையாவது செய்யலாம். அதில் ஒன்றும் தெரியவில்லை என்றால், திசு எடுக்க வழியுண்டா என்று மறுபடியும் கேளுங்கள்.