போகாதே என்பது யார்?

கேள்வி: சொத்துப் பிரிவினையில் கசப்பு வந்து ஒன்பது ஆண்டுகளாக அண்ணனோடு பேச்சு இல்லை. இப்போது அவர் நோயில் படுத்திருக்கிறார். "போய்ப் பார்" என்கிறது மனம். "போகாதே" என்கிறது புத்தி. நல்லபடி வாழ நினைப்பவன் எதைக் கேட்பது?

பதில்: "போகாதே" என்பது புத்திதான் என்று யார் சொன்னது? அது ரோஷம், புத்தியின் சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது. 'நான் முதலில் போனால் தப்பு என்னுடையது என்று ஆகிவிடுமே' என்பதுதானே உள்ளே ஓடுகிறது? இதில் அறிவுக்கு என்ன வேலை? (கடன் வாங்கி ஆடம்பரம் செய்கிறவர்களும் "மனசு கேட்கவில்லை" என்பார்கள். கேட்காதது ஆசை, பழி மனத்தின் மேல்.)

மனம் குறுக்கே வராவிட்டால் புத்தி தெளிவாக ஓடும் என்று நினைக்கிறீர்கள். அந்தோனியோ டமாசியோ என்ற நரம்பியல் மருத்துவர் 1994-இல் வெளியான தம் நூலில் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறார். நெற்றிக்குப் பின்னால், உணர்ச்சியோடு தொடர்புள்ள மூளைப் பகுதி பழுதுபட்டவர். தர்க்கம் மட்டும் பிசகவில்லை. அடுத்த முறை வருவதற்கு இரண்டு தேதிகளைச் சொல்லி, எது வசதி என்று கேட்டார் மருத்துவர். மனிதர் டைரியைப் புரட்டினார். அன்றைக்குள்ள மற்ற வேலைகள், வானிலை என்று ஒவ்வொரு தேதிக்கும் சாதக பாதகங்களை அடுக்கிக்கொண்டே போனார். ஏறத்தாழ அரை மணி நேரம்! கடைசியில் மருத்துவரே "இரண்டாவது தேதியில் வாருங்கள்" என்றதும், "சரி" என்று டைரியை மூடிவிட்டார். காரணங்களுக்கு அவரிடம் பஞ்சமே இல்லை. 'போதும், இதுதான்' என்று சொல்லத்தான் உள்ளே ஆளில்லை.

உங்களிடம் அந்த ஆள் இருக்கிறது. இல்லாவிட்டால் எனக்குக் கடிதம் வந்திருக்காது. பிற உயிரின் நோயைத் தன் நோயாக எண்ணாதபோது அறிவினால் ஆவதென்ன என்று வள்ளுவர் கேட்கிறார் (குறள் 315). அவர் கணக்கில் மனமும் புத்தியும் இரண்டு கட்சிகள் அல்ல.

போவது என்று முடிவான பிறகு புத்திக்கு நிறைய வேலை இருக்கிறது. அவர் விழித்திருக்கும் நேரத்தை அண்ணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உறவுக் கூட்டம் இல்லாத வேளையாகப் பாருங்கள். "அன்றைக்கு நீங்கள் சொன்ன வார்த்தை" என்று ஆரம்பிக்காதீர்கள். உங்களுக்கு நியாயமான பங்கு பாக்கியிருந்தால் அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஒன்பது ஆண்டு காத்திருந்த பத்திரம், அவர் எழுந்து உட்காரும்வரை காத்திருக்கும்.