கண்ணாடியை ஏற்றி வைத்தாலும் வலது கை மட்டும் கறுப்பது ஏன்?

கேள்வி: பதினைந்து வருடமாக கால் டாக்ஸி ஓட்டுகிறேன். ஏசி போடுவதால் கண்ணாடி எப்போதும் ஏற்றித்தான் இருக்கும். ஆனாலும் இடது கையைவிட வலது கை கறுத்துச் சுருங்கியிருக்கிறது. வெயிலால் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ கெட்டுப்போகும், அதைச் சரிசெய்ய க்ரீம் உண்டு என்று விளம்பரத்தில் பார்த்தேன். வாங்கலாமா?

பதில்: க்ரீமுக்கு அப்புறம் வருகிறேன், முதலில் கண்ணாடி. புற ஊதாக் கதிர்களில் தோலைச் சுட்டுச் சிவக்க வைப்பது பெரும்பாலும் யுவிபி. அதைச் சாதாரணக் கண்ணாடியே தடுத்துவிடும். யுவிஏ அப்படியில்லை. முன் கண்ணாடியில் இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் இருப்பதால் அங்கே பெருமளவு நின்றுவிடுகிறது. பக்கவாட்டுக் கண்ணாடி பெரும்பாலும் ஒற்றை அடுக்குதான். அதன் வழியே யுவிஏ நுழைந்து உங்கள் வலது கையில் விழுகிறது; கறுக்க வைப்பது அதுதான். எரிச்சல் இல்லாததால் தெரிவதில்லை. வைட்டமின் டி உண்டாக்குவது யுவிபி என்பதால் அந்த லாபமும் கிடையாது! அமெரிக்காவில் 28 வருடம் டெலிவரி வண்டி ஓட்டிய ஒருவரின் முகத்தில் ஒரு பாதி மட்டும் தடித்துச் சுருங்கிப் போனதை 2012-இல் ஒரு மருத்துவ இதழ் படத்தோடு வெளியிட்டது. அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம், அதனால் அவருக்கு இடது பக்கம்.

இனி மைட்டோகாண்ட்ரியா. செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் இந்த உறுப்புக்குத் தனி டிஎன்ஏ உண்டு: 16,569 எழுத்து (டிஎன்ஏ சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் ஓர் எழுத்து என்பார்கள்), 37 மரபணு, வட்ட வடிவம். ஒரு செல்லில் இதற்கு நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரக்கணக்கில் பிரதிகள். புற ஊதாக் கதிர் பட்டுப் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் ஒட்டிக்கொண்டால், செல்லின் உட்கரு அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புதிதாக எழுதிவிடும். மைட்டோகாண்ட்ரியாவில் இந்த வெட்டி ஒட்டும் ஏற்பாடே இல்லை. செல்லுக்குள் உண்டாகி டிஎன்ஏவைத் தாக்கும் ஆக்சிஜன் கூறுகளால் வரும் சில்லறைக் கோளாறுகளை மட்டும் ஓரளவு சரிசெய்துகொள்ளும். யுவிஏ கிளப்பிவிடுவது அந்த ஆக்சிஜன் கூறுகளைத்தான். அவை அளவுக்கு மீறும்போது டிஎன்ஏவில் ஒரு பெரிய துண்டே காணாமல் போகிறது. அடிக்கடி காணாமல் போகும் துண்டு ஒன்றில் 4,977 எழுத்துகள், அதாவது கிட்டத்தட்ட முப்பது சதவீதம்.

வெயிலே காணாத புட்டத்துத் தோலில் இரண்டு வாரம் யுவிஏ காட்டிப் பார்த்தார்கள். 2004-இல் வெளிவந்த அந்த ஆய்வில், 16 மாதம் கழித்தும் இந்த இழப்பு மறையவில்லை. மேல்தோல் செல்கள் சில வாரங்களில் உதிர்ந்துவிடும். உள்தோலில், தோலைத் தொய்யாமல் தாங்கும் கொலாஜன் நாரை நெய்யும் செல்கள் நெடுநாள் இருப்பவை, யுவிஏ எட்டுவதும் அங்கேதான். சக்தி குறைந்த செல் கொலாஜனைச் சரியாக நெய்யாது, இருப்பதையும் அரிக்கும். உங்கள் கைச் சுருக்கத்தில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். ரொம்பவும் பயப்பட வேண்டாம். பிரதிகள் ஏராளம் என்பதால் சில கெட்டாலும் செல் சமாளித்துக்கொள்ளும்.

கறுத்த தோலுக்கு இதெல்லாம் வராது என்பார்கள். பாதி உண்மை. தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின், உட்கருவுக்கு மேல் குடை மாதிரிக் கவிந்து நிற்கும். மைட்டோகாண்ட்ரியாவோ உட்கருவுக்கு வெளியே சிதறிக் கிடக்கிறது, அந்தக் குடைக்குள் முழுதாக வராது.

சரி, க்ரீம். காணாமல் போன துண்டைத் திரும்ப ஒட்டிவைக்கும் க்ரீம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. அந்தக் காசில் ஒரு சன்ஸ்கிரீன் வாங்குங்கள். எஸ்பிஎஃப் எண் முக்கியமாக யுவிபிக்கானது. எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாமல், யுவிஏவுக்காகப் பிஏ+++ என்றும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். காலையில் தாராளமாகப் பூசுங்கள், மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் மறுபடி. இது தொல்லை என்றால், பைக் ஓட்டுகிறவர்கள் மாட்டும் முழுக்கை உறை இருக்கிறதே, நெருக்கமாக நெய்ததாகப் பார்த்து ஒன்று வாங்கிவிடுங்கள். என்னைக் கேட்டால் தினமும் மறக்காமல் நடப்பது அதுதான். கறுப்பு போக மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் க்ரீம்களைத் தொடாதீர்கள். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், தோல் மெலிந்துவிடும். சுருக்கத்துக்கு ட்ரெடினாயின் உதவும், ஆனால் தோல் மருத்துவர் பார்த்து எழுதித் தர வேண்டும். கையில் ஆறாத புண்ணோ, வடிவம் மாறும் மச்சமோ இருந்தால் தள்ளிப்போடாமல் அவரிடம் காட்டுங்கள்.