ஐசியு-வில் கழுத்தில் போட்ட குழாயால் ரத்தக்கட்டி: கேஸ் போடலாமா?

கேள்வி: நிமோனியா என்று அம்மாவைத் தனியார் மருத்துவமனை ஐசியு-வில் 16 நாள் வைத்திருந்தோம். கழுத்தில் சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தநாளத்துக்குள் விடும் குழாய்) போட்டார்கள். பத்தாம் நாள் குளிர் ஜுரம், அப்புறம் கழுத்தும் கையும் வீங்கின. ரத்தத்தில் கிருமி, குழாய் இருந்த இடத்தில் ரத்தக்கட்டி என்றார்கள். பிழைத்துவிட்டார். பில் 9 லட்சம். "இதெல்லாம் சகஜம்" என்கிறார்கள். கேஸ் போடலாமா?

பதில்: அம்மா வீடு திரும்பியதே பெரிய ஆறுதல். போடலாம், ஆனால் கிருமி வந்தது, ரத்தம் கட்டியது என்பதை மட்டும் வைத்து ஜெயிக்க முடியாது. நன்றாகப் பார்த்துக்கொண்ட நோயாளிக்கும் இது வரும். அந்தக் குழாயை ஒவ்வொரு நாளும் யார் பார்த்தார்கள், டிரெஸ்ஸிங் எப்போது மாற்றினார்கள், இனியும் அது தேவையா என்று யாராவது யோசித்தார்களா, வீக்கம் தெரிந்த எத்தனை மணி நேரம் கழித்து ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள், இவற்றில்தான் உங்கள் வழக்கு இருக்கிறது.

அதனால் முதலில் ரெக்கார்டு. டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. குழாய் போட்ட குறிப்பு, நர்ஸிங் சார்ட், கல்ச்சர் ரிப்போர்ட் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்த்த சோதனை முடிவு) எல்லாம் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கல்ச்சரில் ஒன்றைக் கவனியுங்கள்: குழாயிலிருந்தும் கையிலிருந்தும் ஒரே சமயத்தில் ரத்தம் எடுத்து, குழாய் ரத்தத்தில் 2 மணி நேரமாவது முன்னதாகக் கிருமி வளர்ந்திருந்தால், தொற்று குழாய் வழியாக வந்தது என்பதற்கு அது நல்ல ஆதாரம். வேறொரு ஐசியு மருத்துவரிடம் இவற்றைக் காட்டி, எழுத்தில் கருத்து வாங்குங்கள். எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்றாலும், இந்த மாதிரி வழக்கில் அது இல்லாமல் போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கையெழுத்து வாங்கிய ஒப்புதல் படிவத்தை நிச்சயம் நீட்டுவார்கள். பயப்படாதீர்கள், ஆபத்து உண்டு என்று ஒப்புக்கொண்டீர்களே தவிர, கவனக்குறைவுக்கு அனுமதி கொடுக்கவில்லை.

போலீஸுக்கு ஓட வேண்டாம். குற்ற வழக்கு என்றால் அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது. நீங்கள் போக வேண்டியது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 50 லட்சம் வரை அங்கேதான், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 9 லட்சத்துக்குக் கட்டணம் வெறும் 200 ரூபாய். கெடு 2 வருடம்.

ரெக்கார்டு கேட்கும் கடிதத்தை இந்த வாரமே கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். கை வீங்கியபோது மொபைலில் எடுத்த படங்கள் இருந்தால் ஒன்றையும் அழிக்காதீர்கள்.