அரசியலமைப்பைத் திறந்தாலே கொட்டாவி வருகிறதா?

குரூப் 4-க்குப் படிக்கிறேன், அரசியலமைப்புப் பாடம் அலுப்பாக இருக்கிறது, பிரிவு எண்கள் மனதில் நிற்கவே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக் கோடு போடுகிறீர்களா? கண்ணுக்குப் பழகிவிடும், தேர்வறையில் ஞாபகம் வராது. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள்.

அதனால் சமத்துவ உரிமையை, அதாவது பிரிவு 14 முதல் 18 வரை, ஒரு தடவை வாசியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் எழுதுங்கள். 17 தீண்டாமை ஒழிப்பு, 18 பட்டங்கள் ஒழிப்பு, இவை வந்துவிடும். 15-க்கும் 16-க்கும்தான் குழம்பும். சரி, குழம்பிய இடத்தை மட்டும் திறந்து பாருங்கள். 16 என்பது அரசு வேலையில் சம வாய்ப்பு. நீங்கள் எழுதப்போகும் தேர்வே அந்த விஷயம்தான்! இப்படி ஒரு கொக்கி மாட்டினால் எண் அவ்வளவு சுலபமாக நழுவாது.

அப்புறம் நாளைக்கு ஒருமுறை, நான்கு நாள் கழித்து ஒருமுறை, புதுத் தாளில் இதையே எழுதுங்கள். அலுப்பு முதல் சில நிமிடங்கள் இருக்கத்தான் செய்யும். போனை மட்டும் அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.