சிவிலைசேஷன் 6: பாதிப் போரில் நிற்பவர் எந்த வெற்றிக்கு ஆடுவது?

ஒரு வாசகரின் கேள்வி இது. சிவிலைசேஷன் 6 என்ற கணினி வியூக விளையாட்டை ஆடுகிறார், கேதரிங் ஸ்டார்ம் விரிவாக்கத்தோடு. கிங் கடினநிலை, ஸ்மால் மேப், கண்டங்கள், மொத்தம் 6 நாடுகள். இவர் ரோம். பக்கத்தில் இருந்த சுமேரியா மீது லீஜியன்களை (ரோமின் தனிக் காலாட்படை) அனுப்பி 4 நகரங்களைப் பிடித்தார். அதில் இரண்டு சில டர்ன்களிலேயே (ஆட்டச் சுற்றுகள்) கலகம் செய்து தனி நகரங்களாகிவிட்டன. சுமேரியாவின் தலைநகர் ஊருக் இன்னும் விழவில்லை. அதே கண்டத்தில் கொரியா சயின்ஸில் முன்னால் போகிறது. கடலுக்கு அப்பால் கிரீஸ், காங்கோ, நார்வே. கிரீஸ் கல்ச்சரில் வளர்ந்துகொண்டே இருக்கிறது. இப்போது டர்ன் 150. "டாமினேஷனை, அதாவது படையெடுத்து வெல்லும் வழியைத் தொடரவா, அமைதியான வெற்றிக்கு மாறவா? இதே கட்டத்தில் சலித்துப்போய் ஏற்கெனவே மூன்று ஆட்டங்களைப் பாதியில் விட்டுவிட்டேன்" என்று கேட்கிறார்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். சயின்ஸ் வெற்றிக்கு, அதாவது ஆராய்ச்சியில் முன்னேறி விண்வெளிப் பயணத்தில் முடிக்கும் வெற்றிக்கு ஆடுங்கள். ஆனால் சுமேரியப் போரை இப்போதே நிறுத்தாதீர்கள், ஊருக்கைப் பிடித்துவிட்டு நிறுத்துங்கள். கடல் கடந்து படை அனுப்ப வேண்டிய தேவை உங்கள் ஆட்டத்தில் எனக்குத் தெரியவில்லை.

போர், அமைதி என்று இரண்டு பாதைகள் இருப்பதாகவும் முதல் டர்னிலேயே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் பலர் நினைக்கிறார்கள். உங்கள் சலிப்பு தொடங்குவது அங்கேதான் என்று நினைக்கிறேன். வெற்றி என்பது நீங்கள் போய்ச் சேரும் இடம். போர் என்பது வழியில் பயன்படும் ஒரு கருவி. சயின்ஸ் வெற்றிக்குப் போகும் ஆட்டத்திலும் ஒரு நல்ல போர் இருக்கலாம். அந்தப் போர் எங்கே முடியும் என்பது மட்டும் தொடங்கும்போதே தெரிந்திருக்க வேண்டும்.

டாமினேஷனுக்கு எல்லா நகரங்களையும் பிடிக்க வேண்டியதில்லை. மற்ற ஒவ்வொரு நாட்டின் முதல் தலைநகரும் உங்கள் கையில் இருந்தால் போதும். உங்களுக்கு அது ஐந்து தலைநகரங்கள், அதில் மூன்று கடலுக்கு அப்பால். படையைக் கப்பலேற்றி, கரையிறக்கி, மதிலை உடைத்து, காயம் ஆற்றி, அடுத்த இடத்துக்கு நகர்த்த ஒரு தலைநகருக்கு 20 டர்ன் ஆகும் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 100 டர்ன். ஒவ்வொரு டர்னிலும் இருபது யூனிட்டுகளைக் கையால் நகர்த்த வேண்டும். உங்களுக்கு அது பிடிக்கவில்லை என்று மூன்று முறை தெரிந்துவிட்டது. ஆட்டத்தை முடிக்க விடாத வெற்றியைத் தேடாமல் இருப்பதற்கு அந்த ஒரு காரணமே போதும் என்பேன்.

இனி அந்த நகரங்கள் ஏன் கலகம் செய்தன என்று பார்ப்போம். இதைப் புரிந்துகொண்டால் அடுத்த ஆட்டங்களுக்கும் உதவும். ஒரு நகரத்தின் லாயல்டி (ஆளும் நாட்டின்மீதான விசுவாசம்), சுற்றிலும் 9 கட்டங்களுக்குள் இருக்கும் நகரங்களின் மக்கள்தொகையைப் பொறுத்தது. தூரம் கூடக்கூட அழுத்தம் குறையும். நீங்கள் சின்ன எல்லை நகரங்களை முதலில் பிடித்தீர்கள். பெரிய நகரமான ஊருக் பக்கத்திலேயே எதிரியிடம் இருந்தது. உங்கள் ரோமோ தூரத்தில். அப்புறம் அந்த நகரங்கள் எப்படி நிற்கும்? பெரிய நகரத்தை முதலில் பிடித்தால், எதிரிக்காக அழுத்திய மக்கள்தொகை அதே கணத்தில் உங்களுக்காக அழுத்தத் தொடங்கிவிடும். சுற்றியுள்ள சின்ன நகரங்கள் அதன் பிறகு எளிதாகத் தங்கும். முடிந்தால் இரண்டு மூன்று நகரங்களை ஓரிரு டர்ன் இடைவெளியில் சேர்த்துப் பிடியுங்கள். ஒரு கவர்னரை உடனே அங்கே அமர்த்துங்கள், டர்னுக்கு 8 லாயல்டி கூடும். நீங்களே நிறுவும் நகரங்களுக்கு ரோமின் தலைவர் ட்ரேஜனின் தயவில் மான்யுமென்ட் (நினைவுச்சின்னம்) இலவசமாக வருகிறது; பிடித்த நகரங்களுக்கு அப்படி வராது. அங்கே முதலில் அதைக் கட்டுங்கள், அதுவும் லாயல்டி தரும். நாடு டார்க் ஏஜில் (பின்னடைவுக் காலம்) இருக்கும்போது மட்டும் போர் தொடங்காதீர்கள். அந்தக் காலத்தில் உங்கள் மக்கள் தரும் அழுத்தம் பாதியாகிவிடும்.

தனியாகப் போன அந்த இரண்டு நகரங்களையும் இழந்ததாக நினைக்க வேண்டாம். அவை இப்போது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. திரும்பப் பிடித்தாலும் யாரிடமும் கிரீவன்ஸ் (உங்கள்மீதான மனக்குறைக் கணக்கு) சேராது. ஊருக் விழுந்த பிறகு அவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

ஊருக்கைப் பிடிப்பதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. நகரத்தைச் சுற்றியுள்ள எல்லாக் கட்டங்களும் உங்கள் யூனிட்டுகளின் கட்டுப்பாட்டில் வந்துவிட்டால் அந்த நகரம் முற்றுகையில் இருப்பதாகக் கணக்கு. அப்போது அது தன்னைத் தானே சரிசெய்துகொள்ள முடியாது. லீஜியன்களால் சுற்றி வளைத்துவிட்டு, கேட்டபுல்ட்டுகளை (கல்லெறி இயந்திரங்கள்) மதில்மேல் அடிக்க விடுங்கள். கிராஸ்போ வீரர்கள் (வில் படை) வெளியே வரும் படையைத்தான் அடிக்க வேண்டும், மதிலுக்கு எதிராக அவற்றை வீணாக்காதீர்கள்.

போருக்கு எப்போதுமே ஒரு ஜன்னல் திறக்கும், பிறகு மூடும். எதிரி மதில் கட்டுவதற்கு முன் ஆர்ச்சர்களோடு போவது முதல் ஜன்னல். உங்கள் லீஜியன்கள் புதிதாக இருந்து, எதிரியிடம் வெறும் வாரியர்கள் இருந்தது இரண்டாவது. அதை நீங்கள் பாதி பயன்படுத்திவிட்டீர்கள். பாம்பார்டுகள் (பழைய பீரங்கிகள்) வரும்போது மூன்றாவது திறக்கும். அதற்குப் பிறகு எனக்கு மிகவும் பிடித்தது ஆர்ட்டில்லரியும் அப்சர்வேஷன் பலூனும் சேரும் கட்டம். நகரம் 2 கட்டம் வரைதான் சுடும். பலூன் பக்கத்தில் இருந்தால் ஆர்ட்டில்லரி 3 கட்டம் தள்ளி நின்று சுடும். மதிலிலிருந்து ஓர் அடிகூட வாங்காமல் நகரத்தை வீழ்த்தலாம். இந்த ஜன்னல்களுக்கு இடையில், சம பலத்தில் நடக்கும் போர்தான் ஆட்டத்தைக் கெடுக்கிறது. யூனிட்டுகள் சாகும், போர்ச்சோர்வு கூடும், அமெனிட்டி (மக்களின் வசதியும் மகிழ்ச்சியும்) குறையும், நகரங்கள் வளர்ச்சியில் பின்தங்கும். அந்த 40 டர்னில் மற்றவர்கள் யுனிவர்சிட்டி கட்டியிருப்பார்கள். ரோமுக்கு பாத் (குளியலகம்) என்ற தனி மாவட்டம் கொஞ்சம் அமெனிட்டி கொடுத்துத் தாங்கும், ஆனால் நீண்ட போரை அதுவும் தாங்காது.

அமைதியான வெற்றிகள் எல்லாம் போரோடு ஒரே மாதிரி ஒத்துப்போவதில்லை. சயின்ஸுக்கு யார் உங்களை வெறுத்தாலும் கவலையில்லை. பிடித்த நகரம் ஒவ்வொன்றும் இன்னொரு கேம்பஸுக்கு (சயின்ஸ் தரும் மாவட்டம்) இடம், அவ்வளவுதான். டிப்ளமேட்டிக் வெற்றி நேர் எதிர். அதற்கு 20 புள்ளிகள் வேண்டும், பிறருடைய தலைநகரைக் கையில் வைத்திருந்தால் டிப்ளமேட்டிக் ஃபேவர் (ராஜதந்திரச் செல்வாக்கு) ஒவ்வொரு டர்னிலும் குறையும். ஊருக்கைப் பிடித்தபின் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டாம். மத வெற்றிக்கு டர்ன் 150-இல் தொடங்குவது மிகவும் தாமதம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: யாராவது ஒரு மதத்தைக் கொண்டு வெற்றியை நெருங்கினால், அவர்கள்மீது போர் அறிவித்த பிறகு உங்கள் படைவீரர்கள் மிஷனரிகளையும் அப்போஸ்தலர்களையும் நேரடியாக நீக்க முடியும். அமைதியாக ஆடுபவருக்கும் படை வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகவும்தான்.

கிரீஸைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது, ஆனால் அதற்கான மருந்து கடலுக்கு அப்பால் இல்லை. கல்ச்சர் வெற்றி பெற, கிரீஸுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கை மற்ற எந்த நாட்டின் உள்நாட்டுப் பயணிகளையும் விட அதிகமாக இருக்க வேண்டும். உள்நாட்டுப் பயணிகள் நீங்கள் ஆட்டம் முழுக்கச் சேர்த்த கல்ச்சரிலிருந்து வருகிறார்கள். எனவே நீங்கள் கட்டும் ஒவ்வொரு தியேட்டர் ஸ்கொயரும் (கல்ச்சர் தரும் மாவட்டம்) கிரீஸ் தாண்ட வேண்டிய மதிலை உயர்த்துகிறது. கிரீஸை ஜெயிக்க விடாமல் தடுக்க ஒரே ஒரு நாட்டின் கல்ச்சர் உயர்வாக இருந்தால் போதும், அந்த நாடு நீங்களாக இருங்கள். அதோடு கிரீஸுக்கு ஓபன் பார்டர்ஸ் (உங்கள் எல்லைக்குள் நுழையும் அனுமதி) கொடுக்காதீர்கள். கொடுத்தால் உங்கள்மீது அதன் டூரிசம் 25% கூடும்; வணிகப் பாதைக்கும் அதே அளவு. சில தங்கக் காசுக்காக ஓபன் பார்டர்ஸை விற்றுவிட்டுத் தோற்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், வருத்தமாக இருக்கும்.

கொரியாதான் கடினமான முடிவு. அதன் சொவொன்கள் (கொரியாவின் தனி கேம்பஸ்) சயின்ஸுக்கென்றே அமைந்தவை, அந்த நகரங்கள் உங்களிடம் வந்தால் ஆட்டம் முடிந்த மாதிரிதான். ஆனால் சயின்ஸில் முன்னால் இருக்கும் நாட்டின்மீது போர் தொடுத்தால் உங்களைவிட ஒரு தலைமுறை புதிய படை எதிரே நிற்கும். உங்களிடம் நைட்டர் (வெடிமருந்துக்கான மூலப்பொருள்) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, கொரியாவுக்கு முன் பாம்பார்டுகளையும் மஸ்கெட்மேன்களையும் எட்ட முடியும் என்றால், முதலில் டினவுன்ஸ் (வெளிப்படையான கண்டனம்) செய்துவிட்டு 5 டர்ன் கழித்து ஃபார்மல் போராக அறிவியுங்கள். திடீர்ப் போரைவிட கிரீவன்ஸ் குறைவாகச் சேரும். அறிவித்தபின் 10 டர்னுக்குச் சமாதானம் பேச முடியாது, அதற்குத் தகுந்த படையோடு போங்கள். நைட்டர் இல்லையென்றால் நட்பு அறிவித்து, ரிசர்ச் அலையன்ஸுக்குப் போங்கள். என் கணிப்பில் உங்களுக்கு இரண்டாவதுதான் சரிவரும். சுமேரியப் போரின் கிரீவன்ஸ் இன்னும் ஆறவில்லை, அது ஆற அமைதியான டர்ன்கள் வேண்டும்.

டாமினேஷன் சரியான தேர்வாக இருக்கும் ஆட்டங்களும் உண்டு. எல்லோரும் ஒரே நிலப்பரப்பில் இருக்கும் பான்ஜியா, 4 நாடுகள் மட்டும் உள்ள டைனி மேப், போர்ச்சோர்வே இல்லாத அலெக்சாண்டர் போன்ற தலைவர், இதில் இரண்டு சேர்ந்தால் நான் யோசிக்காமல் போருக்கே போவேன். மிகக் கடினமான டீட்டி நிலையில் கணினி 3 செட்லர்களோடு தொடங்குவதால், அந்த இடைவெளியை மூட ஒரு ஆரம்பப் போர் பெரும்பாலும் தேவைப்படும். மாறாக, கனடாவாக ஆடினால் திடீர்ப் போர் அறிவிக்கவே முடியாது. காந்தியோடு மோதினால் உங்கள் போர்ச்சோர்வு இரட்டிப்பாகும். தலைவரின் திறனைப் படித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

சரி, உங்கள் ஆட்டத்துக்கு வருவோம். ஊருக்கைச் சுற்றி வளையுங்கள், விழுந்ததும் கவர்னரை அங்கே அனுப்புங்கள், தனி நகரங்கள் இரண்டையும் மீட்டுக்கொண்டு சமாதானம் பேசுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு நகரத்திலும் கேம்பஸ், இரண்டு மூன்று நகரங்களில் தியேட்டர் ஸ்கொயர், எல்லையில் தரம் உயர்த்திய ஐந்தாறு யூனிட்டுகள். உற்பத்தி அதிகமுள்ள ஒரு நகரத்தை ஸ்பேஸ்போர்ட்டுக்காக (விண்கலம் ஏவும் தளம்) இப்போதே வளர்க்கத் தொடங்குங்கள். கடைசிக் கட்டமான எக்ஸோபிளானட் பயணம் 50 ஒளியாண்டு, லேசர் நிலையங்கள் இல்லாவிட்டால் டர்னுக்கு ஒன்றுதான் நகரும். அலுமினியமும் மின்சாரமும் அப்போது பற்றாக்குறையாக இருந்தால் அந்த 50 டர்ன் மிக நீளம். ஸ்பேஸ்போர்ட் கட்டியதும் ஒரு ஸ்பையை அங்கேயே காவலுக்கு வையுங்கள். எதிரி ஸ்பைகள் அதைச் சிதைக்கத்தான் வருவார்கள்.

டர்ன் 200-இல் வேர்ல்ட் ராங்கிங்ஸ் திரையைத் திறந்து பாருங்கள். கிரீஸுக்கு வரும் பயணிகள் உங்கள் உள்நாட்டுப் பயணிகளில் பாதியைத் தாண்டியிருந்தால் தியேட்டர் ஸ்கொயர்களைக் கூட்டுங்கள். கொரியா உங்களைவிட நன்றாக முன்னால் போயிருந்தால் அலையன்ஸ் முடியும் டர்னைக் குறித்துக்கொண்டு, ஆர்ட்டில்லரியும் பலூனும் எப்போது கைக்கு வரும் என்று டெக் மரத்தில் எண்ணிப் பாருங்கள்.