பழைய மன்ஷோன் வாங்கலாமா? கேள்வி பதில்

டோக்கியோவின் நிஷிகசாயில், 1984 இல் கட்டிய மன்ஷோனில் (கான்கிரீட் அடுக்குமாடிக் குடியிருப்பை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். உரிமையாளர் சங்கப் பொருளாளர் பொறுப்பு இருமுறை என் தலையில் விழுந்தது. கேளுங்கள்.

அக்கா, 60 சதுர மீட்டர் வீடு. பழுதுபார்ப்பு நிதி மாதம் 6,000 யென்தான். நல்ல பேரம்தானே?

அந்த 6,000தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது, தம்பி. மொத்தப் பரப்பு 5,000 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடத்துக்கு அரசு வழிகாட்டும் சராசரி, சதுர மீட்டருக்கு 335 யென். உங்கள் வீட்டுக்கு 20,100 ஆகிறது. மீதியை இத்தனை காலமும் யாரும் கட்டவில்லை என்றுதான் பொருள். பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை சாரம் கட்டிப் பெரிய பழுதுபார்ப்பு நடக்கும்போது மொத்தமாகக் கேட்பார்கள். முந்தைய உரிமையாளர் வைத்த பாக்கியையும் சட்டப்படி உங்களிடம் வசூலிக்கலாம். தரகரிடம் உரிமையாளர் சங்கத்தின் மூன்று ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்புகளைக் கேளுங்கள். "லிஃப்ட் மாற்றம்: ஒத்திவைப்பு" என்று மூன்றிலும் இருந்தால் வேறு வீடு பாருங்கள்.

சமையலறை, குளியலறை எல்லாம் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். பிறகென்ன?

குழாயை மாற்றினார்களா? எங்கள் கழிவுநீர்க் குழாய் கீழ்வீட்டுக் கூரைக்குள் ஓடுகிறது. அது துருப்பிடித்து ஒழுகிய நாளில், கீழ்வீட்டுப் பாட்டி நீல வாளியோடு வாசலில் வந்து நின்றார். வாளியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர். அவர் குனிந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டார்; எனக்கு நிலம் பிளக்காதா என்றிருந்தது. அப்படிப்பட்ட குழாய் கட்டடத்து உரிமையாளர்கள் எல்லோருக்கும் பொதுவானது என்று 2000 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் சங்கத்திடம் பணம் இருந்தால்தானே அந்தத் தீர்ப்பால் பயன்? குறிப்புகளைப் படியுங்கள்.

நிரந்தர வதிவிடம் இல்லை. கடன் கிடைக்குமா?

பெரும்பாலான வங்கிகள் தயங்கும். வங்கியிலேயே கேளுங்கள்.

வீடு வாங்கினால் விசா கிடைக்குமா?

கிடைக்காது.

1979 கட்டடம் 2011 நிலநடுக்கத்தையே தாங்கியது. நீங்கள் சும்மா பயமுறுத்துகிறீர்கள்.

ஒவ்வோர் இடமும் எவ்வளவு குலுங்கியது என்று சொல்லும் ஜப்பானிய அளவின் உச்சம் 7. அன்று டோக்கியோ நகரில் உணர்ந்தது அதிகபட்சம் 5இன் மேல்படி. 1995 இல் கோபேயில் 7. தூறலில் நனையாத குடை புயலுக்கும் தாங்கும் என்கிறீர்களா? புதிய நிலநடுக்க விதி 1981 ஜூன் 1 முதல். கணக்கில் வருவது கட்டி முடித்த நாள் இல்லை, கட்டட அனுமதி நாள். 1982 இல் முடித்த கட்டடமும் பழைய விதியில் எழுந்ததாக இருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், வீட்டுக் கடன் வரிச்சலுகைக்கு 1982 முதல் கட்டியவை புதிய விதிப்படியானவை என்றே கருதப்படும். வரிச்சலுகை கிடைத்ததால் கட்டடம் உறுதி என்று நம்பிவிடாதீர்கள்.

(அவரே) இடித்துக் கட்டினால் புது வீடு இலவசமாகக் கிடைக்குமே?

யார் சொன்னது? நிலத்தில் கூடுதல் தளங்கள் எழுப்பி விற்க இடமிருந்தால்தான் செலவு குறையும். பெரும்பாலும் ஆளுக்குப் பெருந்தொகை கேட்பார்கள். அதற்கும் ஐந்தில் நான்கு பங்கு வாக்கு வேண்டும். 2026 ஏப்ரல் முதல், நிலநடுக்க உறுதி போதாத கட்டடத்துக்கு நான்கில் மூன்று போதும். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களிடம் அந்த வாக்கைக் கேட்டுப் பாருங்கள், ஐயா. நான் கேட்டிருக்கிறேன்.

(மீண்டும் அவரே) ஆனால் தரகர் சொன்னார்...

தரகருக்கு விலையில் 3 சதவீதமும் 60,000 யென்னும், அதன்மேல் வரியும். சொல்லத்தான் செய்வார்.

நிஷிகசாயில் வெள்ள அபாயம் உண்டா?

நிஷிகசாய் இருக்கும் எதோகவா வார்டின் நிலத்தில் சுமார் 70 சதவீதம் கடலின் ஏற்றமட்டத்துக்குக் கீழே. வார்டு 2019 இல் வெளியிட்ட வெள்ள அபாய வரைபடத்திலேயே "இங்கே இருக்கக் கூடாது" என்று அச்சிட்டார்கள். நான் ஏழாவது மாடியில் இருக்கிறேன். மின்சாரம் போனால் அந்த ஏழு மாடியும் காலுக்குத்தான்.

விசா பற்றி...

மேலே பாருங்கள்.

வாசல் வடக்கே பார்க்கிறது. வாஸ்துப்படி சரியா, அக்கா?

பால்கனி தெற்கே இருந்தால் வாசல் வடக்கேதான் இருக்கும், அம்மா. இங்கே பாதி ஊர் அப்படித்தான். கூட்டக் குறிப்பு வந்ததா?