ஸ்கார்ஃபேஸை எங்கிருந்து தொடங்குவது?

அமெரிக்க ராப் பாடகர் ஸ்கார்ஃபேஸின் ‘மை ஹோமிஸ்’ ஆல்பத்தைக் கேட்டுச் சலித்துப்போய், இவருக்கு ஏன் இவ்வளவு பெயர் என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பான வாசலில் நுழைந்துவிட்டீர்கள், அவ்வளவுதான். 1998இல் வந்த அந்த இரட்டை ஆல்பத்தில் விருந்தாளிப் பாடகர்கள் கூட்டம் அதிகம். அவர் குரலைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

முதலில் 1994இன் ‘தி டயரி’. ‘ஐ சீன் எ மேன் டை’ பாட்டில், சாகிறவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசுவதுபோல நிதானமாகச் சொல்வார். அவர் ஊரான ஹூஸ்டனின் ராப்புக்கு உள்ள கனம் அங்கே பிடிபடும். அப்புறம் 2002இன் ‘தி ஃபிக்ஸ்’. இன்னொரு ராப் கலைஞரான கான்யே வெஸ்ட் இசையமைத்த பாட்டும் இதில் உண்டு, ஆனாலும் ஸ்கார்ஃபேஸ் மாறவில்லை.

‘தி அன்டச்சபிள்’ 1997இல் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. சரி, எனக்கு அது மூன்றாவதுதான். 1991இன் முதல் ஆல்பத்தில் கோபம் அதிகம், நிதானம் குறைவு. அதைக் கடைசியில் கேளுங்கள்.